இங்கினியாகலையிலிருந்து வந்த பழைய விலங்குப் படம்: இதன் மதிப்பை அறிவதும் இதைப் பேணுவதும் எப்படி?

கல்லடி வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மண்டபச் சுவரில் அம்மப்பாவின் காலத்திலிருந்து தொங்கிவரும் ஒரு விலங்குப் படத்தைப் பற்றி விவரம் அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். அம்மப்பா கல்லோயா அபிவிருத்திச் சபையில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கினியாகலை அணையைக் கட்டிய அமெரிக்கக் கம்பனியின் பொறியியலாளர் ஒருவர், வேலை முடிந்து நாடு திரும்பும்போது தம் விடுதியில் இருந்த பொருட்களை உடன் வேலை செய்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தாராம். அம்மப்பாவின் பங்குக்கு வந்தது இந்தப் படம் என்று அம்மா சொல்லுவார்.

படத்தில் இருப்பது உடல் முழுவதும் புள்ளி போட்ட, பல்லைக் காட்டிச் சீறும் ஒரு விலங்கு. வீட்டில் எல்லோரும் அதைச் சிறுத்தைப் படம் என்றே சொல்லி வந்திருக்கிறோம். சட்டம் கறுத்த தேக்கு. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் நான்கு புறமும் ஒரு பழுப்பு அட்டை கரையாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அட்டையின் கீழ் விளிம்பில் ஆங்கில எழுத்துகளின் மேற்பாதி மட்டும் தெரிகிறது. கூர்ந்து வாசித்தபோது ஓடுபன் என்ற பெயர் அகப்பட்டது. இணையத்தில் அந்தப் பெயரைத் தேடினால் கோடிக்கணக்கான விலைகள் வருகின்றன. அதனால்தான் எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது.

படத்துக்குச் சேதமும் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனபோது இடப்பக்கக் கீழ் மூலை நனைந்து, அலை அலையாக ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. விலங்கின் தலைக்கு மேலே உள்ள வெளிறிய பகுதியில் மிளகளவு செம்பழுப்புப் புள்ளிகள் பரவியுள்ளன. கடந்த மாரியில் சட்டத்தின் பின்புறம் பூஞ்சண மணமும் வந்தது. பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்து பார்த்து, சட்டத்தோடு சேர்த்து ஒரு விலை பேசிவிட்டு, "கழற்றி வெளுக்கும் தண்ணீரில் தோய்த்து எடுத்தால் புதிது போலாகும்" என்றும் சொல்லிப் போனார். விற்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் கையில் இருப்பது என்ன பொருள் என்பதை அறிந்து, அம்மாவின் காலத்துக்குப் பிறகும் நிலைக்கும்படி அதை வைத்திருக்க ஆசைப்படுகிறேன். இது அசலா, புள்ளிகளைப் போக்கலாமா, எங்கே தொங்கவிடலாம் என்பதை அறிந்தவர்கள் சொல்லித் தர வேண்டும்.

பழைய அச்சுக்காரன்

வணக்கம், தங்கச்சி. மட்டக்களப்பு நகரில் அச்சகத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். எழுத்துக் கோர்த்த காலத்திலிருந்து ஒஃப்செட் காலம் வரை கையால் வேலை செய்திருக்கிறேன் என்பதால், அச்சைப் பார்த்து அடையாளம் காண்பது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் வேண்டுகோள் ஒன்று உண்டு: வெளுக்கும் தண்ணீர், எலுமிச்சம் சாறு, சவர்க்காரம் எதையும் அதன் அருகே கொண்டுபோக வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்க்கலாம்.

பறவைகளையும் விலங்குகளையும் வரைந்த அமெரிக்க ஓவியர் ஜோன் ஜேம்ஸ் ஓடுபன் பெயரில் இரண்டு பெருந்தொகுப்புகள் உள்ளன. அமெரிக்கப் பறவைகளைப் பற்றியது 1827 முதல் 1838 வரை வெளிவந்தது. அது செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வர்ணம் தீட்டிய 435 படங்களைக் கொண்டது. நீங்கள் இணையத்தில் கண்ட கோடிகள் பெரும்பாலும் அந்தப் பறவைத் தொகுப்பின் முழுப் பிரதிக்கு உரியவை. 2010 டிசம்பரில் லண்டன் ஏலமொன்றில் ஒரு முழுப் பிரதி 70 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோனது. உங்களிடம் இருப்பது ஒரு விலங்கு என்பதால் அது மற்றத் தொகுப்பைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் பாலூட்டிகளைப் பற்றிய அந்தத் தொகுப்பை ஓடுபன் தம் பிள்ளைகளோடும், எழுத்துப் பகுதிக்கு ஜோன் பக்மன் என்ற மதகுருவோடும் சேர்ந்து உருவாக்கினார். 150 பெரிய படங்கள் 1845க்கும் 1848க்கும் இடையில் பிலடெல்பியாவில் போவன் என்பவரின் அச்சகத்தில் கல்லச்சாக, அதாவது கல்லில் வரைந்து அதிலிருந்து தாளில் இழுக்கும் முறையில், அச்சிடப்பட்டு, கையால் வர்ணம் ஏற்றப்பட்டன. அந்தத் தாள் ஏறக்குறைய 55க்கு 70 சென்ரிமீற்றர். பின்னர் 1849 முதல் 1854 வரை அதே படங்களைச் சிறிதாக்கி, ஒரு சாதாரணப் புத்தக அளவில் இன்னொரு பதிப்பும் வந்தது. ஆகவே தாளின் அளவு ஒன்றே உங்களுக்குப் பாதிப் பதிலைத் தந்துவிடும். இந்த இரண்டு அளவுகளுக்கும் பொருந்தாத தாளாக இருந்தால், அது பிற்காலத்தில் எடுத்த நகல் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வட அமெரிக்க விலங்குகளின் தொகுப்பில் நம் சிறுத்தைக்கு இடமில்லை. குமணவிலும் யாலவிலும் உலவும் சிறுத்தையின் உடலில் கருமை வளையம் வளையமாகப் பூத்திருக்கும்; அந்த வளையத்தின் நடுவில் புள்ளி இராது. அமெரிக்கக் கண்டத்து ஜகுவாருக்கு வளையம் பெரிதாக இருக்கும், அதற்குள்ளே ஒன்றோ பலவோ சிறு புள்ளிகளும் இருக்கும். தலை பருத்து, கால் கட்டையாகத் தெரியும். விலாப் பகுதியை உற்றுப் பாருங்கள். வளையத்துக்குள் புள்ளி இருந்தால் அது பெண் ஜகுவார் ஒன்றைக் காட்டும் படமாக இருக்கும். தொகுப்பில் அதன் இலக்கம் 101. அசல் பெரிய தாளில் அந்த இலக்கம் ரோம எழுத்தில் மேல் வலது மூலையில் இருக்கும்.

அசலா நகலா என்பதைத் தீர்மானிக்கும் சோதனை இது. நகைவேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள். விலங்கின் வயிற்றுக்குக் கீழே விழும் நிழலைப் பாருங்கள், ஏனென்றால் இளநிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் அச்சின் முறை வெளிப்படும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சீரான இடைவெளியில், சிறு பூப்போல வட்டம் வட்டமாக அடுக்கி நின்றால், அது புகைப்பட முறையில் தகடு செய்து இயந்திரத்தில் அடித்த படம். 1840களில் அந்த முறை இல்லை. ஆகவே அங்கேயே கேள்வி முடிந்துவிடும். அப்படி இல்லாமல் கறுப்புப் பகுதி மட்டும் மெழுகுக் கட்டியால் சொரசொரப்பான கல்லில் தேய்த்தது போல ஒழுங்கற்ற துகள்களாகவும், நிறம் அதன் மேலே தூரிகையால் வழிந்து சில இடங்களில் கோட்டைத் தாண்டியும் இருந்தால், அது கையால் வர்ணம் தீட்டிய கல்லச்சு. அக்காலத்தில் கண்மணி, மூக்கு போன்ற இருண்ட இடங்களில் கருவேலம் பிசினைப் பூசிப் பளபளப்பு ஏற்றுவதும் உண்டு. படத்தைச் சரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்தால் அந்த மினுக்கம் தெரியும்.

கீழே உள்ள எழுத்துகளை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். நகலெடுப்பவர்கள் ஓடுபனின் பெயரையும் போவனின் பெயரையும் சேர்த்தே நகலெடுத்தார்கள். ஆனால் அந்த எழுத்துகளையும் லென்சில் பார்க்கலாம்: எழுத்தின் ஓரம் புள்ளிகளாக உடைந்திருந்தால் அதுவும் நகலின் அடையாளம். இணையத்தில் பலர், படத்தைச் சுற்றித் தாளில் தகடு அழுந்திய பள்ளம் இருக்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். அது செப்புத் தகட்டு அச்சுக்கு மட்டும் பொருந்தும் விதி. கல்லச்சில் அந்தப் பள்ளம் இருக்காது. அதை வைத்து நல்ல கல்லச்சுகளைப் போலி என்று தள்ளிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும்.

மேலும் ஒரு எளிய வழி. கள்ள நோட்டுப் பார்ப்பதற்குக் கடைகளில் ஊதா விளக்கு வைத்திருப்பார்கள். இருட்டில் அதைத் தாளின் ஓரத்தில் ஒரு கணம் பிடித்துப் பாருங்கள். தாள் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் இரசாயனம் கலந்திருக்கிறது. அந்த இரசாயனம் கடதாசித் தொழிலுக்கு வந்தது ஏறத்தாழ 1950ஐ ஒட்டித்தான். ஒளிராவிட்டால் அதனால் மட்டும் பழையது என்று சொல்ல முடியாது.

கல்முனைச் சட்டவேலை

சகோதரிக்கு வணக்கம். அச்சுக்கார ஐயா சொன்ன சோதனைகளுக்குச் சட்டத்தைத் திறக்க வேண்டி வரும் என்பதால், பரம்பரையாகச் சட்டம் போடும் தொழில் செய்பவன் என்ற வகையில் சில வார்த்தைகள் சொல்கிறேன். எங்களிடம் வரும் பழைய படங்களில் பாதி, திறக்கும்போதுதான் கிழிந்திருக்கின்றன.

மாரி காலத்தில் திறக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் காலத்தில், வெயில் ஏறிய பிறகு, மேசையில் தடித்த துணி விரித்துப் படத்தைக் குப்புற வையுங்கள். பூஞ்சண மணம் இருப்பதாகச் சொல்வதால் முகக்கவசம் கட்டாயம். அதற்கு முன் முன்புறமிருந்து கண்ணாடியைச் சரித்துப் பாருங்கள்: எங்காவது ஈரம் ஊறியது போல கருமையாகப் பளபளத்தால், அந்த இடத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. அப்படியானால் தொடர வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே படத்தை எடுத்து, பயிற்சி பெற்ற ஒருவரிடம் கொடுக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால், பின்புறத்து ஆணிகளைக் குறட்டால் பிடித்து நேராக இழுங்கள். கடற்காற்றில் துருவேறிய ஆணியைத் திருப்புளியால் நெம்பினால் அது முறிந்து தாளுக்குள் இறங்கும்.

பின்பலகையையும் பழைய அட்டையையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே மற்றதை யோசிக்கலாம்.

கல்லடி வாசகி

அச்சுக்கார ஐயாவுக்கும் கல்முனை நானாவுக்கும் மிகுந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். கண்ணாடியில் எங்கும் ஒட்டவில்லை. பின்னால் பெட்டிப் பலகை போன்ற மூன்று மெல்லிய பலகைகள் அடிக்கப்பட்டிருந்தன. பலகைகளுக்கு இடையில் இருந்த நீக்கலுக்கு நேரே, அட்டையின் முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் பட்டை பட்டையாக விழுந்திருக்கின்றன. படம் நான்கு மூலைகளிலும் பசை வைத்து அந்த அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது. தாளின் அளவு 41க்கு 52 சென்ரிமீற்றர்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விலாவில் வளையத்துக்குள் புள்ளிகள் தெளிவாக இருக்கின்றன. இத்தனை காலமும் நாங்கள் சிறுத்தை என்று சொன்னது ஜகுவார்தான். நிழலில் நான்கு நிறப் புள்ளிகளும் ஐயா சொன்ன அதே பூ வடிவத்தில் அடுக்கி நிற்கின்றன, கீழே உள்ள எழுத்துகளின் ஓரமும் உடைந்திருக்கிறது. ஊதா விளக்கில் தாள் ஒளிரவில்லை. மங்கிய மஞ்சளாகவே தெரிந்தது. அட்டையின் முதுகில் பென்சிலால் ஆங்கிலத்தில் இங்கினியாகலை, 1951 என்று எழுதப்பட்டு, அதன் கீழ் ஒரு சுருக்கக் கையொப்பமும் இருக்கிறது. அதைக் கண்டதும் அம்மா அழுதுவிட்டார். நகல் என்று தெரிந்த பிறகும் இதைப் பேண வேண்டும் என்ற எண்ணம் குறையவில்லை. இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

பழைய அச்சுக்காரன்

நீங்கள் தந்த விவரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, தங்கச்சி. தாள் அளவு அசலின் எந்தப் பதிப்புக்கும் சேரவில்லை, புள்ளிகள் இருக்கின்றன, 1951இல் அது இங்கே இருந்ததற்கு எழுத்தும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் வீட்டுச் சுவருக்காக அடித்த வர்ண நகல் இது என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ஒரு வார்த்தை சேர்க்கிறேன்: அக்கால நகல்களைத் தரக்குறைவாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தகடு செய்து, நான்கையும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடிப்பது கண்ணும் கையும் தேர்ந்த வேலை. உங்கள் படத்தில் மீசை மயிரின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். பிதுங்கவில்லை என்றால் அதை அடித்தவர் தொழிலறிந்தவர்.

சுவடிக் காப்பு

வணக்கம். அம்பாறை மாவட்டத்தில் பிறந்து, நூலகமொன்றில் பழைய தாள்களைப் பாதுகாக்கும் பணியில் இருக்கிறேன். சேதத்தைப் பற்றிய உங்கள் விவரிப்பு நன்றாக இருப்பதால் ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். காரணம் விளங்கினால் என்ன செய்யக் கூடாது என்பதும் தானாக விளங்கும்.

பலகை நீக்கலுக்கு நேரே விழுந்த கோடுகளும், பழுப்புக் கரையட்டையின் உள்விளிம்பை ஒட்டி இருக்கக்கூடிய கருங்கோடும் அமிலத்தின் வேலை. மரத்திலும் மரக்கூழால் செய்த மலிவான அட்டையிலும் லிக்னின் என்ற பொருள் உண்டு. அது காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிதையும்போது அமிலம் உண்டாகி, தொட்டிருக்கும் தாளுக்கும் பரவுகிறது. பழைய தாள்களில் மை பரவாமல் இருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். அதுவும் காலப்போக்கில் அமிலமாகிறது. தாளின் நார்களை அமிலம் துண்டு துண்டாக்குவதால்தான் பழைய தாள் மடித்த இடத்தில் முறிகிறது. எனவே உங்கள் படத்துக்கு இப்போது மிகப்பெரிய தீங்கு சூறாவளியில் விழுந்த கறை அன்று. அது ஒட்டிக்கொண்டிருக்கும் அட்டைதான்.

அந்த அலைக்கோடு வேறு வகையானது. தாளில் நீர் ஊறிப் பரவும்போது, உள்ளே கரையக்கூடிய பழுப்புப் பொருட்களையும் அழுக்கையும் தள்ளிக்கொண்டு போய், ஈரமும் உலர்வும் சந்திக்கும் எல்லையில் விட்டுவிடுகிறது. வீட்டில் ஈரத் துணியால் அந்தக் கோட்டைத் துடைத்தால் அது மறையாது. சற்றுத் தள்ளி இன்னொரு கோடு உண்டாகும். மிளகளவுப் புள்ளிகளுக்குத் தாளில் கலந்திருக்கும் இரும்புத் துகளும் பூஞ்சணமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன; இரண்டாலும் புள்ளி உண்டாக ஈரப்பதம் வேண்டும். வெளுக்கும் தண்ணீர் அந்தப் புள்ளியை அன்றைக்கு மறைக்கும். ஆனால் குளோரின் தாளுக்குள் தங்கி நாரைத் தின்னும், நிறங்களையும் வெளிறச் செய்யும். சில ஆண்டுகளில் தாள் மஞ்சளாகிப் பொடியும். ஆகவே புள்ளிகளோடு வாழப் பழகுவதே உங்கள் படத்துக்கு நல்லது. கறை ஒரு பொருளின் வரலாற்றில் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொள்வதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வளரவிடாமல் தடுப்பதுதான் நம் கடமை.

பூஞ்சணத்துக்கு இப்படிச் செய்யுங்கள். படத்தை வெயிலில் காய வைக்க வேண்டாம். காற்றோட்டமுள்ள நிழலில், மேசைமீது கிடையாக ஓரிரு நாள் வையுங்கள். பூஞ்சணம் உலர்ந்து தூளான பிறகு, வீட்டுக்கு வெளியே முகக்கவசத்தோடு நின்று, மிக மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, அழுத்தாமல் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தொட்டால் அது தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். பழைய பெட்டிப் பலகைகளை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டாம்; பூச்சிகளும் பூஞ்சணமும் அவற்றில் ஒளிந்திருக்கலாம்.

மூலைகளில் உள்ள பசையைப் பிரிக்க முயல வேண்டாம். நீராவி காட்டுவது, கத்தி நுழைப்பது இரண்டும் மேல்தோலை உரித்துவிடும். கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்திலும் தேசிய நூதனசாலையிலும் தாள் பராமரிப்பு அறிந்தவர்கள் இருக்கிறார்கள்; அங்கே விசாரித்து வழிகாட்டல் பெறலாம். அதுவரை, படத்துக்கும் அட்டைக்கும் இடையில், பசை இல்லாத நடுப்பகுதியில், அமிலமற்ற தாள் ஒன்றை மெதுவாக நுழைத்து வையுங்கள். கல்சியம் காபனேற்று சேர்த்த தாளாகக் கிடைத்தால் மேலும் நல்லது, அது வரும் அமிலத்தை நடுநிலையாக்கும். பென்சில் எழுத்து இருப்பதால், படம் பிரிக்கப்பட்ட பிறகும் அந்த அட்டையை விட்டுவிடக் கூடாது. அதைத் தனி உறையில் இட்டு, படத்தோடு தொடாதபடி, ஆனால் படத்தோடு சேர்த்தே வைத்திருங்கள். உங்கள் அம்மா சொன்ன கதையை, அம்மப்பா எந்தப் பிரிவில் வேலை செய்தார் என்பது உட்பட, அவர் வாயாலேயே கேட்டு எழுதித் திகதியிட்டு அதே உறையில் வையுங்கள். 1949இல் சபை உருவாகி, மொரிசன் நட்சென் கம்பனி அணையைக் கட்டிய அந்தச் சில ஆண்டுகளில் இங்கினியாகலையில் மனிதர்கள் எப்படிப் பழகினார்கள் என்பதற்கு வீட்டுப் பொருட்களில் மிஞ்சிய சான்றுகள் அருமை. ஒரு பென்சில் வரி அதைச் சொல்லுகிறது.

நம் ஊரில் ஏட்டுச்சுவடிகளுக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு என்பதால், பாசத்தோடு அதைப் படங்களுக்கும் பூசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பனையோலைக்கு எண்ணெய் நெகிழ்வைத் தரும். தாளில் பட்டால் கண்ணாடி போல ஊடு தெரியும் கறையாகும், பிறகு அதை எடுக்கவே முடியாது. சட்டத்துக்குள் வேப்பிலை, பூச்சி உருண்டை வைப்பதும் வேண்டாம்.

ரொறன்ரோ மட்டுநகரான்

வணக்கம். மட்டக்களப்பில் பிறந்து கனடாவில் வாழ்கிறேன். இங்குள்ள ஏலங்களில் பழைய அச்சுப்படங்களை ஆர்வத்தோடு பின்தொடர்பவன் என்பதால் விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போவன் அச்சிட்ட பெரிய தாளில் ஜகுவார் அசல் ஒன்று, ஓரம் வெட்டப்படாமல் நல்ல நிலையில் இருந்தால், பல ஆயிரம் அமெரிக்க டொலர் பெறும். உங்களிடம் இருப்பது போன்ற 20ஆம் நூற்றாண்டு நகல், கறையோடு, பெரும்பாலும் சில பத்து டொலரைத் தாண்டாது. வந்தவர் சட்டத்தோடு சேர்த்து விலை பேசியதை நினைத்துப் பாருங்கள்: அவர் கண் பழைய தேக்கில் இருந்திருக்கலாம்.

விலை தேடும்போது கேட்கும் விலையையும் விற்ற விலையையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். இணையக் கடையில் ஒருவர் ஆயிரம் டொலர் என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. ஏலம் முடிந்து பணம் கைமாறிய தொகையே சந்தை. ஒரே படத்தின் அசலும் நகலும் ஒரே தலைப்பில் பட்டியலாவதால், படத்தின் விவரத்தில் தாளின் அளவும் அச்சு முறையும் எழுதப்படாத எதையும் ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம். நிலையைப் பொறுத்தும் விலை மாறும்: சட்டத்துக்குள் அடங்க ஓரத்தை வெட்டியது, அட்டையில் முழுதாக ஒட்டியது, வெளுத்தது ஆகிய மூன்றும் கறையைவிட அதிகமாக மதிப்பைக் குறைக்கின்றன.

இந்தத் திரியை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் உண்மையிலேயே பழைய படமோ சுவடியோ வரைபடமோ இருந்து, அதை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைத்தால், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம் இருப்பதை மறக்க வேண்டாம். தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டு அனுமதி தேவையா என்று அறிந்த பிறகே பொதி கட்டுங்கள்.

கல்லடி வாசகி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அமிலமற்ற தாளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக்கொள்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். அம்மா தினமும் பார்த்துப் பழகிய படம் என்பதால் அலமாரிக்குள் பூட்டிவைக்க அவருக்கு விருப்பமில்லை. எங்கள் வீடு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. மண்டபத்தில் கிழக்குச் சன்னலுக்கு எதிரே இதுவரை தொங்கியது. அதே தேக்குச் சட்டத்தில் மீண்டும் போடலாமா, எந்தச் சுவரில் மாட்டலாம்?

கல்முனைச் சட்டவேலை

தாராளமாக அதே சட்டத்தில் போடலாம், சகோதரி. தேக்கு தாளைத் தொடாதபடி, சட்டத்தின் உட்பள்ளத்தில் அலுமினிய ஒட்டுத்தாளை ஒரு வரி ஒட்டிவிட வேண்டும். கரையட்டைக்குப் பருத்தி அட்டை கேளுங்கள். வெட்டிய ஓரத்தில் உள்ளும் வெளியும் ஒரே வெள்ளையாக இருந்தாலும் அது பருத்திதானா என்று விற்பவரிடம் உறுதிப்படுத்த வேண்டும். அந்த அட்டையின் தடிப்புத்தான் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் காற்றுக்கு இடம் விடும், அது இல்லாமல் போட்டால் மாரியில் கண்ணாடியில் வேர்க்கும் நீர் நேரே தாளில் இறங்கும். பின்பலகைக்கு ஹார்ட்போர்டும் ஒட்டுப்பலகையும் வேண்டாம். விளம்பரப் பலகை செய்பவர்களிடம் கிடைக்கும் நெளிவுள்ள பிளாஸ்டிக் தகடு மலிவானது, ஈரம் குடிக்காது, கரையானும் தொடாது. விளிம்பு முழுவதையும் ஒட்டுநாடாவால் மூடினால் இராமபாணப் பூச்சி நுழையாது. அந்த ஒட்டுநாடா சட்டத்துக்கும் பலகைக்கும் மட்டுமே, செலோடேப் எந்தக் காரணம் கொண்டும் படத்தில் படக் கூடாது.

சுவடிக் காப்பு

நானா சொன்னதோடு சுவரைப் பற்றிச் சேர்க்கிறேன். வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழையில் கல்லடிப் பக்கத்து வெளிச்சுவர்கள் உள்ளே வரை ஈரம் குடிக்கின்றன. சட்டத்தின் பின்புறம் பூஞ்சண மணம் வந்தது பெரும்பாலும் அதனால்தான். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள உட்சுவரைத் தெரிவுசெய்து, சட்டத்தின் கீழ் இரு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து விரலிடை விலக்கி மாட்டுங்கள். குளியலறைச் சுவரும் சமையலறைச் சுவரும் ஆகாது.

வெயில் நேரே விழும் இடம் கூடவே கூடாது. தாளில் உள்ள படங்களுக்கு நூதனசாலைகள் 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தையே அனுமதிக்கின்றன. பகலில் நம் சன்னலோரம் அதைவிடப் பலமடங்கு வெளிச்சமுள்ளது. கிழக்குச் சன்னலுக்கு எதிரே இத்தனை காலம் இருந்ததால், கரையட்டை மறைத்திருந்த ஓரத்து நிறத்தையும் நடுவில் உள்ள நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கியதன் அளவு தெரியும். சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும். மங்கிய நிறம் திரும்பி வராது. டியூப் லைட்டுக்குப் பதில் எல்.ஈ.டி. விளக்கு போட்டால் புற ஊதாக்கதிர் குறையும். வசதி இருந்தால் அந்தக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகட்டைக் கண்ணாடிக்குப் பதிலாகப் போடலாம்.

அம்மாவின் விருப்பத்துக்கு நான் ஒரு வழி சொல்வேன். இப்போது படம் சட்டத்துக்கு வெளியே இருப்பதால், ஓரத்தில் அளவுகோல் ஒன்றை வைத்து, நிழலில், பிளாஷ் இல்லாமல் முன்பக்கத்தையும் அட்டையின் முதுகையும் நல்ல தெளிவில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு மாரி நான்கு மாதமும் இந்தப் படத்தை அமிலமற்ற மடிப்புக்குள் கிடையாக, நிலத்திலிருந்து உயர்ந்த உலர்ந்த தட்டில் வைத்துவிட்டு, தேக்குச் சட்டத்தில் அந்த ஒளிப்படப் பிரதியைப் போட்டுத் தொங்கவிடலாம். வெயில்காலத்தில் மீண்டும் மாற்றிக்கொள்ளலாம். தட்டில் ஈரப்பதமானி ஒன்றை வைத்து 65 வீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சணம் திரும்பவும் முளைக்கும். சிலிக்கா ஜெல் மணிகளைத் துணிப்பையில் கட்டித் தாளில் படாமல் வைக்கலாம். நிறம் மாறும்போது எடுத்துச் சூடேற்றி உலர்த்தி மறுபடியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை குடித்த ஈரத்தையே பெட்டிக்குள் திருப்பிக் கொடுக்கும்.